சோழன் பொய் சொல்லியிருந்தால்?

யோக்கியமான மனிதர்களையும் பொய் சொல்ல வைக்கிற கேள்விகள் சில உண்டு. ‘சம்பளம் எவ்வளவு?’ என்பது அதில் ஒன்று. அதையும் மிஞ்சியது, பார்வைக்குப் பரம சாதுவாக இருக்கும் இன்னொரு கேள்வி: ‘இப்போது என்ன படித்துக்கொண்டிருக்கிறீர்கள்?’ வருமான வரிக்காரரிடம் கூடக் கணக்கை ஒழுங்காகச் சொல்லிவிடுகிற மனிதர், இந்தக் கேள்வி வந்ததும் ஒரு கணம் மேற்கூரையைப் பார்ப்பார். அந்த ஒரு கணத்தில் தலையணைக்கு அடியில் கிடக்கும் புத்தகம் மறந்துபோய், கண்ணாடி அலமாரியின் மேல்தட்டில் நிற்கும் புத்தகம் வாய்க்கு வந்துவிடும். இதற்கு ஓர் உவமை சொல்லலாம். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பெயர். பக்திப் பாட்டிலிருந்து பலசரக்குக் கடைப் பலகை வரை தில்லைதான். ஆனால் அந்தப் பெயரைக் கொடுத்த மரத்தைக் கண்ணால் காண வேண்டுமானால் கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் போய், பிச்சாவரத்தில் படகேற வேண்டும். அங்கே உப்பங்கழி ஓரத்தில், சுரபுன்னைகளுக்கு நடுவே, யாரும் பாடாமலே அது நிற்கிறது. கிளையை ஒடித்தால் வெள்ளை வெளேரென்று பால் வடியும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உதிரப்போகும் இலை மட்டும் நல்ல சிவப்பு. நம் ஊர் வாசிப்பும் ஏறக்குறைய இதுதான்: பெயர் ஓரிடத்தில், மரம் ஓரிடத்தில்.

மேற்படி கேள்விக்கு நம்மிடையே வழங்கிவரும் பதில்களை இனம் பிரிப்பது சிரமமில்லை. முதல் இனம் ‘மறுவாசிப்பு’. இந்த ரகத்து வாசகர் எந்தக் காவியத்தையும் முதல் தடவை படித்ததாக வரலாறு கிடையாது; எடுத்த எடுப்பிலேயே மறுவாசிப்புத்தான். ‘சிலப்பதிகாரத்தை மறுவாசிப்புச் செய்துகொண்டிருக்கிறேன்’ என்பார். கண்ணகியின் சிலம்பில் இருந்தது முத்தா மாணிக்கமா என்று மட்டும் கேட்டுவிடக் கூடாது. இரண்டாவது இனம், நேர்முகத் தேர்வுப் பதில். வேலைக்கு உட்காருகிற பிள்ளைகளில் பாதிப் பேர் அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ படித்துக்கொண்டிருக்கிறார்கள். வேலை கிடைக்கும் வரை அந்தப் புத்தகம் முடிவதே இல்லை. மூன்றாவது, வாங்கியதெல்லாம் படித்த கணக்கு என்று நினைப்பவர்கள். நெய்வேலிப் புத்தகக் கண்காட்சியிலிருந்து இரண்டு கையிலும் பை தொங்க, தோள் வலிக்கப் பேருந்து ஏறுகிறவரிடம் ‘இதையெல்லாம் படித்துவிடுவீர்களா?’ என்று கேட்பது பாவம். தூக்கி வந்த புண்ணியமாவது சேரட்டும் என்பது அவர் கட்சி. நான்காவது, பெண் பார்க்கும் படலத்தில் வருவது. ‘கதைப் புஸ்தகம் எல்லாம் படிப்பியாம்மா?’ என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்பார். பெண் ‘கல்கி’ என்று சொல்லும். ரமணிசந்திரன் நாவல் அதற்கு அரைமணி முன்னால்தான் இழுப்பறைக்குள் தள்ளப்பட்டிருக்கும். கேட்ட அம்மாளின் வீட்டிலும் அதே இழுப்பறையில் அதே நாவல் இருக்கும் என்பதுதான் இதில் வேடிக்கை. இரண்டு பேரும் உண்மையைச் சொல்லியிருந்தால் அன்றைக்கே சம்பந்தம் முடிந்திருக்கும்.

யாருக்கும் கெடுதல் இல்லாத பொய்தானே, போகட்டுமே என்று விட்டுவிடலாம் போலத் தோன்றும். அப்படி விட முடியாது என்பதுதான் என் வாதம். தமிழில் பெரிய நூல்கள் சில பிறந்ததும், பிறந்தவை செத்துப்போகாமல் பிழைத்ததும், யாரோ ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டு, இன்னொருவர் வெட்கப்படாமல் உள்ளதை உள்ளபடி சொன்னதால்தான். சாட்சிக்காகக் காசிக்குப் போக வேண்டியதில்லை. பிச்சாவரத்தில் படகை விட்டு இறங்கி, சிதம்பரத்தை நடுவில் வைத்துக்கொண்டு நாலாபக்கமும் ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் போதும். முக்கியமான சாட்சிகள் எல்லாம் இந்த வட்டாரத்திலேயே கிடைத்துவிடுவார்கள்.

முதல் சாட்சி சாதாரண ஆள் இல்லை, இரண்டாம் குலோத்துங்க சோழன். 1133 முதல் 1150 வரை ஆண்டவன். தில்லைக் கோயிலுக்கு வாரி வாரிக் கொடுத்தவன். சைவத்தில் அவனை விட அழுத்தமான மன்னனைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அப்பேர்ப்பட்டவன் ஆசையாக எதைப் படித்துக்கொண்டிருந்தான்? சமண முனிவர் திருத்தக்கதேவர் எழுதிய சீவக சிந்தாமணியை. அதில் நாயகன் சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிறான். நூலுக்கு மணநூல் என்றே இன்னொரு பெயர். கடைசியில் அவன் அரசையும் மனைவியரையும் விட்டுத் துறவு பூணுவது உண்மைதான். ஆனால் அந்தத் துறவுக்காகத்தான் 3,000க்கும் மேற்பட்ட பாட்டையும் பொறுமையாகப் படித்தேன் என்று சொல்கிறவரை மேலே சொன்ன முதல் இனத்தில் சேர்த்துவிடலாம். துறவி ஒருவருக்குக் காதல் விஷயம் இத்தனை நுணுக்கமாக எப்படித் தெரிந்தது என்று அந்தக் காலத்திலேயே ஊர் வாய் சும்மா இருக்கவில்லையாம். பழுக்கக் காய்ச்சிய இரும்பைக் கையில் பிடித்துத் தம் தூய்மையை அவர் நிரூபிக்க வேண்டியிருந்தது என்று ஒரு கதை வழங்குகிறது. எழுத்தாளரின் கற்பனையைச் சொந்த அனுபவம் என்று சந்தேகப்படும் வாசகர் குலம் எவ்வளவு பழையது என்பதற்கும் இந்தக் கதையே அத்தாட்சி.

மன்னன் சிந்தாமணியில் மூழ்கிக் கிடந்ததைப் பார்த்து, அமைச்சரான குன்றத்தூர்ச் சேக்கிழாருக்குப் பொறுக்கவில்லை. கறக்கிற பசு வீட்டில் நிற்கும்போது மலட்டு மாட்டைக் கட்டி இழுப்பானேன் என்ற தோரணையில் அவர் இடித்துச் சொன்னதாக, கொற்றவன்குடி உமாபதி சிவாசாரியாரின் பெயரில் வழங்கும் சேக்கிழார் புராணம் விவரிக்கிறது. மன்னன் கோபிக்கவில்லை. ‘அப்படியானால் நீர் சொல்லும் நல்ல கதை எது, எங்கே இருக்கிறது, யார் எழுதியது?’ என்று திருப்பிக் கேட்டான். அடியார்களின் கதையைச் சேக்கிழார் எடுத்துச் சொல்ல, அதையே விரித்துக் காவியமாக எழுதித் தரும்படி பொருளும் கொடுத்து அனுப்பினான். சேக்கிழார் சிதம்பரம் வந்து ஆயிரங்கால் மண்டபத்தில் உட்கார்ந்தார். பெரியபுராணம் பிறந்தது. ஒரு சித்திரைத் திருவாதிரையில் தொடங்கிய அரங்கேற்றம் அடுத்த சித்திரைத் திருவாதிரையில் முடிந்தது என்றும், நூலை யானைமேல் ஏற்றி, மன்னனே பின்னால் அமர்ந்து கவரி வீசினான் என்றும் சொல்கிறார்கள். ஓர் ஆண்டுக் காலம் ஓர் ஊரே உட்கார்ந்து ஒரே புத்தகத்தைக் கேட்டிருக்கிறது.

இந்த இடத்தில்தான் வாசகர் சற்று நிதானிக்க வேண்டும். அமைச்சர் வந்து ‘என்ன படிக்கிறீர்கள்?’ என்று கேட்டதும் குலோத்துங்கன் சுவடியைச் சட்டென்று திண்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, ‘திருவாசகம் மறுவாசிப்பு’ என்று சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சேக்கிழார் ‘மிக்க மகிழ்ச்சி அரசே’ என்று வணங்கிவிட்டு, வரிக் கணக்கு ஓலையை நீட்டியிருப்பார். 63 நாயன்மார்களின் கதை 4,000க்கும் மேற்பட்ட பாட்டாக நமக்குக் கிடைத்திருக்காது. கண்ணப்பனும் காரைக்கால் அம்மையும் இத்தனை விரிவாக நம் வீட்டுக்கு வந்திருக்க மாட்டார்கள். பெரியபுராணம் பிறந்ததற்குச் சிவனருள் ஒரு காரணம் என்றால், ஒரு சிவபக்தன் தான் சமணக் காதல் காவியத்தை ருசித்துப் படித்ததை மறைக்காமல் இருந்தது இன்னொரு காரணம். பின்னதை யாரும் கொண்டாடுவதில்லை. சேக்கிழார் பக்கமும் ஒரு நேர்மை இருக்கிறது. சிந்தாமணியைத் தடை செய்யுங்கள் என்று அவர் ஆணை கேட்கவில்லை; அதைவிட ருசியான ஒன்றைச் சமைத்துக் கொண்டுவந்து வைத்தார். சிந்தாமணி போட்டுக் கொடுத்த விருத்தப் பாதையில்தான் பின்னால் வந்த காவியங்கள் நடந்தன, பெரியபுராணமும் நடந்தது. இதைப் படிக்காதே என்று சொன்னவர் அதை நன்றாகவே படித்திருக்கிறார் என்றுதான் கொள்ள வேண்டும். எதையும் படிக்காமலே கண்டிக்கிற கலை பிற்காலத்தில் வளர்ந்தது.

இரண்டாவது வழக்கு இதற்கு 700 ஆண்டுகளுக்குப் பின்னால் வருகிறது. புத்தகம் என்னவோ அதே சிந்தாமணிதான். 1880ஆம் ஆண்டு கும்பகோணம் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த தமிழாசிரியர், 25 வயது உ.வே.சாமிநாதையர், ஊருக்கு மாற்றலாகி வந்திருந்த முன்சீப் சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். முதலியார் கேட்டதும் இதே கேள்விதான்: என்ன படித்திருக்கிறீர்கள்? மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் சும்மா இருப்பாரா? அந்தாதி, கலம்பகம், பிள்ளைத்தமிழ், உலா, கோவை, புராணம் என்று பட்டியல் வளர்ந்தது. முழுவதையும் கேட்டுவிட்டு முதலியார், இதனாலெல்லாம் என்ன பிரயோசனம் என்கிற மாதிரி ஒரு கேள்வி போட்டார். பிறகு சிந்தாமணி படித்ததுண்டா, மணிமேகலை படித்ததுண்டா, சிலப்பதிகாரம் படித்ததுண்டா என்று வரிசையாகக் கேட்டார். இல்லை என்றார் ஐயர். ‘பார்த்திருக்கிறேன்’, ‘அங்கங்கே புரட்டியிருக்கிறேன்’, ‘மாணவப் பருவத்தில் படித்தது, மறந்துபோயிற்று’ என்று தப்பிக்கக் கைவசம் எத்தனையோ வழி இருந்தது. அந்த வழிகளை இன்றைக்கும் பேராசிரியர்கள் பலர் செம்மையாகப் பராமரித்து வருகிறார்கள். அந்த ஒரு ‘இல்லை’தான் 1887இல் அச்சேறிய சிந்தாமணி, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. நவீன காலத்துத் தமிழனுக்கு ஈராயிரம் ஆண்டுப் பெருமை கையில் கிடைத்தது ஓர் ஆசிரியர் ‘படித்ததில்லை’ என்று ஒப்புக்கொண்டதால்.

இதே வழக்கில் இன்னும் ருசியான துணைச் சாட்சி ஒன்று உண்டு. முதலியார் கொடுத்த பிரதியை வைத்துக்கொண்டு ஐயர் திணறினார். ஓலையில் புள்ளி வைத்தால் கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்க மாட்டார்கள். ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும் ஒன்று போலவே இருக்கும். காலா ரகரமா என்று பார்த்தால் தெரியாது. சீர் பிரிப்பும் கிடையாது. எழுத்தையாவது குருட்டாம்போக்கில் பிடித்துவிடலாம். சமண சமயத்துக் கருத்தும் சொல்லும் எப்படி விளங்கும்? விசாரித்துக்கொண்டு அதே கும்பகோணத்தில் இருந்த சமணர் வீடு ஒன்றுக்குப் போனால், வாசலில் மாக்கோலமும் தோரணமுமாக வீடு விழாக்கோலத்தில் இருந்தது. என்ன விசேஷம் என்றால், சிந்தாமணி வாசித்து முடித்த நாளாம்! ஏடு மறைந்துவிட்டது, பொருள் சொல்ல ஆள் இல்லை என்று தமிழறிஞர் உலகம் கைவிட்டிருந்த காவியத்தை, நாலு தெரு தள்ளி ஒரு சிறு கூட்டம் மாதக்கணக்கில் கூடியிருந்து வாசித்துக் கொண்டாடியிருக்கிறது. ஒருவருக்கொருவர் ‘என்ன படிக்கிறீர்கள்?’ என்று கேட்டுக்கொள்ளாத ஊரில் பொக்கிஷம் பக்கத்து வீட்டிலேயே இருந்தாலும் தொலைந்த கணக்குத்தான். பிறகு நடந்ததைச் சொன்னால் குலோத்துங்கன் சிரிப்பான். சேக்கிழார் வேண்டாம் என்ற நூலை அச்சிட்டுப் புகழ்பெற்ற அதே சாமிநாதையர், 1924இல் சிதம்பரம் மீனாட்சி தமிழ்க் கல்லூரிக்கு முதல்வராக வந்து சேர்ந்தார்.

மூன்றாவது சாட்சி இருக்கும் ஊர் காட்டுமன்னார்கோயில். சிதம்பரத்திலிருந்து சுமார் 25 கிலோமீட்டர், வீராணம் ஏரிப் பக்கம். அங்கே நாதமுனிகள் என்ற வைணவப் பெரியவர் காதில், கோயிலுக்கு வந்த யாத்ரீகர்கள் பாடிய நம்மாழ்வார் பாட்டுப் பத்து விழுந்தது. கேட்டு உருகிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ‘ஆகா, எனக்கும் தெரியும்’ என்று தலையை ஆட்டியிருக்கலாம். அவர் கேட்டார்: இது எதிலிருந்து, மிச்சம் எங்கே? இவை ஆயிரத்தில் பத்து என்று பாட்டின் முடிவே சொல்கிறது, அந்த ஆயிரம் எங்கே? யாத்ரீகர்களும் நல்லவர்கள், இந்தப் பத்துக்கு மேல் எங்களுக்குத் தெரியாது என்று கையை விரித்தார்கள். விசாரித்துக்கொண்டே திருக்குருகூர் வரை போன நாதமுனிகளுக்கு, ஆயிரம் கேட்ட இடத்தில் நாலாயிரமும் கிடைத்தது என்பது வைணவர் சொல்லும் வரலாறு. பத்துப் பாட்டுத் தெரிந்தவர்கள் பத்துத்தான் தெரியும் என்று சொன்னதில் பிறந்த லாபம் இது.

எதிர்த் தரப்புக்கும் இதே வட்டாரத்தில் ஓர் உதாரணம் வேண்டுமே. அதுவும் சிதம்பரத்திலேயே இருக்கிறது. மூவர் பாடிய தேவார ஏடுகள் தில்லைக் கோயிலின் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தன. இராசராச சோழனும் நம்பியாண்டார் நம்பியும் வந்து கேட்டபோது, பாடியவர்கள் மூவரும் நேரில் வந்தால் கதவு திறக்கும் என்று பதில் வந்ததாம். பாடியவர்கள் போய்ச் சேர்ந்து சில நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. புத்தகத்தை இரவல் தர மனமில்லாதவர்கள் சொன்ன சாக்குகளில் இதற்கு இணையான ஒன்று இதுவரை பதிவாகவில்லை. மூவரின் திருமேனிகளையே ஊர்வலமாகக் கொண்டுவந்து நிறுத்திக் கதவைத் திறந்து பார்த்தால், ஏடுகளின் மேல் புற்று மண்டிக் கிடந்தது. ஒரு லட்சத்து மூவாயிரம் பதிகம் என்று புராணம் கணக்குச் சொல்கிறது. மிஞ்சியவை 800க்கும் குறைவு. இந்தக் கணக்கை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனால் கதை சொல்லும் நீதியில் பிழை இல்லை: என்ன வைத்திருக்கிறோம், என்ன படிக்கிறோம் என்று வெளியே சொல்லாத ஊரில் கடைசி வாசகர் கறையான்தான். அது ஒன்றுதான் யாரிடமும் அபிப்பிராயம் சொல்லாமல் முழுக்கப் படித்து முடிக்கும்.

இனி ஆட்சேபணைகள். ‘என்ன படிக்கிறேன் என்று ஊருக்குச் சொல்வது பீற்றல் அல்லவா?’ என்பது முதலாவது. பீற்றல்தான், பொய்யைச் சொன்னால். தலையணைக்கு அடியில் இருப்பதைச் சொன்னால் பீற்றிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? ராஜேஷ்குமார் துப்பறியும் நாவல் படிக்கிறேன் என்று சொல்லி இதுவரை யாரும் பொன்னாடை வாங்கியதில்லை. உண்மையைச் சொல்வதுதான் பீற்றலுக்கு மருந்து. இரண்டாவது ஆட்சேபணை தரம் பற்றியது: ஆளாளுக்குக் கண்டதையும் படிப்பதைப் பகிரங்கமாகச் சொன்னால் ஊர் ரசனை கெட்டுப்போகாதா? கெட்டுப்போவதாக இருந்தால் சோழன் காலத்திலேயே கெட்டிருக்க வேண்டும். ஒருவர் இப்போது எங்கே நிற்கிறார் என்று தெரிந்தால்தானே அடுத்த படியைக் காட்ட முடியும்? சிதம்பரத்துக்குத் தெற்கே சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர்.ரங்கநாதன், கணக்கு வாத்தியாராக இருந்து நூலகரானவர். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளில் இரண்டு, வாசகர் ஒவ்வொருவருக்கும் அவருக்கான நூல் உண்டு, நூல் ஒவ்வொன்றுக்கும் அதற்கான வாசகர் உண்டு என்பவை. நல்ல வாசகர்களுக்கு மட்டும் என்று ஒரு துணை விதியை அந்தக் கணக்கு வாத்தியார் சேர்க்கவில்லை.

மூன்றாவது ஆட்சேபணை கனமானது: படித்ததைப் பேசினால் சண்டை வரும். வரும், கடலூர் மாவட்டத்துக்காரர்களிடம் இதை மறுக்க முடியாது. சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் பிறந்த வள்ளலாரின் பாடல்கள் 1867இல் திருவருட்பா என்று அச்சாயின. அதை அருட்பா என்று எப்படிச் சொல்லலாம் என்று யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1869இல் மறுப்பு வெளியிட்டார். சிதம்பரம் கோயிலில் பேச்சு முற்றி, கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றத்தில் வழக்காக நின்றது. இருவரும் போய்ச் சேர்ந்த பிறகும் சீடர்கள் விடாமல் அடுத்த நூற்றாண்டு வரை துண்டுப் பிரசுரங்களால் அடித்துக்கொண்டார்கள். ஆனால் இந்தக் கலகத்தின் மகசூலைப் பாருங்கள். மறுப்பு எழுதுவதற்காகவாவது ஒரு தரப்பார் அருட்பாவை வரி வரியாகப் படித்தாக வேண்டியிருந்தது. மறுப்புக்கு மறுப்பு எழுத மறு தரப்பார் தேவாரத்தைப் புரட்டியாக வேண்டியிருந்தது. விரோதத்தால் இவ்வளவு கவனமாக வாசிக்கப்பட்ட நூல் தமிழில் வேறு உண்டா என்று தெரியவில்லை. அதே மஞ்சக்குப்பத்தில் 1934இல் பிறந்தவர் ஜெயகாந்தன். 1966இல் ஆனந்த விகடனில் அவருடைய ‘அக்கினிப் பிரவேசம்’ வந்ததும், கெட்டுப்போன பெண்ணை ஒரு தாய் தலையில் தண்ணீர் ஊற்றி ஏற்றுக்கொள்வதா என்று வீட்டுக்கு வீடு சண்டை. அந்தச் சண்டைக்குள்ளிருந்தே ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ நாவலை எடுத்தார். அது 1972இல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. வாசகர்கள் வாயை மூடிக்கொண்டு பத்திரிகையை மடித்து வைத்திருந்தால் ஒரு சிறுகதையோடு விஷயம் முடிந்திருக்கும். சண்டை வரும் என்பது ஆட்சேபணையே இல்லை.

‘வாசிப்பு அந்தரங்கமான விஷயம், ஏன் கடை பரப்ப வேண்டும்?’ என்று நான்காவதாக ஒரு கட்சி உண்டு. இவர்களுக்கு மௌனியை நினைவூட்டலாம். மௌனி சிதம்பரத்தில் பல்லாண்டு வாழ்ந்து 1985இல் மறைந்தவர். எழுதியது இருபத்துச் சொச்சம் கதைகள்தான். கூட்டத்தில் பேசி, மேடை ஏறி, தம் கதையைத் தாமே விற்றவரல்ல. அவர் பெயர் நிலைத்ததற்கு, கடலூர்த் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்த புதுமைப்பித்தன் அவரைத் தமிழ்ச் சிறுகதையின் திருமூலர் என்று சொல்லிவைத்ததும் ஒரு காரணம். அந்தரங்கமாகப் படித்து அந்தரங்கமாகவே வைத்துக்கொள்வது என்று புதுமைப்பித்தன் தீர்மானித்திருந்தால், அந்தக் கதைகள் பழைய பத்திரிகைக் கட்டுக்குள்ளேயே இருந்திருக்கும். க.நா.சுப்ரமண்யம் இன்னும் ஒரு படி மேலே போய் ‘படித்திருக்கிறீர்களா?’ என்றே ஒரு நூலுக்குப் பெயர் வைத்தார். ஆயுள் முழுக்க அவர் போட்ட பட்டியல்களால் அவருக்குக் கிடைத்த நண்பர்களைவிட, பட்டியலில் விடுபட்டுப்போன பகைவர்கள் அதிகம். இருந்தும் அந்தப் பட்டியல்களைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஒரு தலைமுறை நூலகத்துக்குள் நுழைந்தது.

கடைசி ஆட்சேபணை, இப்போது யார் ஐயா படிக்கிறார்கள், எல்லாரும் கைபேசியில் அல்லவா இருக்கிறார்கள் என்பது. பிச்சாவரத்துக்குச் சுற்றுலா போகிறவர்கள், இங்கேதான் எம்.ஜி.ஆரின் ‘இதயக்கனி’ படம் எடுத்தார்கள் என்று 1975ஆம் ஆண்டு விஷயத்தைத் தவறாமல் பேசிக்கொள்கிறார்கள். அதே படகில் இருக்கிற நாலு பேர் என்ன படிக்கிறார்கள் என்று ஒருவருக்கொருவர் கேட்பதில்லை. கேட்காததால் யாரும் படிக்கவில்லை என்று முடிவு கட்டிவிடுகிறோம். கும்பகோணத்துச் சமணர் வீட்டைப் பற்றி 1880இல் கல்லூரி உலகம் முடிவு கட்டியதும் இப்படித்தான். படிப்பவர்கள் இருக்கிறார்கள். கைபேசியிலும் படிக்கிறார்கள், ரயிலிலும் படிக்கிறார்கள், சமையல் கட்டில் குக்கர் சத்தத்துக்கு இடையிலும் படிக்கிறார்கள். எதைப் படிக்கிறோம் என்று சொன்னால் மதிப்புக் குறையும் என்று பயந்து சொல்லாமல் இருக்கிறார்கள்.

ஆகவே கேட்கிறவர்களுக்கும் சொல்கிறவர்களுக்கும் தலைக்கு ஒரு விண்ணப்பம். கேட்கிறவர்கள் பரீட்சை அதிகாரி முகத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கேளுங்கள். ‘அதையா படிக்கிறீர்கள்?’ என்று மூக்கைச் சுளிக்க வேண்டியிருந்தால், சேக்கிழார் வழி திறந்தே இருக்கிறது: அதைவிட நல்லதாக ஒன்றை எழுதிக் கொண்டுவாருங்கள், அதுவரை மூக்கு சும்மா இருக்கட்டும். சொல்கிறவர்கள் படிப்பதைச் சொல்லுங்கள், பிடித்திருந்தால் பிடித்திருக்கிறது என்றும், பாதியில் விட்டிருந்தால் விட்டேன் என்றும், படிக்கவில்லை என்றால் படிக்கவில்லை என்றும் சொல்லுங்கள். இராசாதிராசனுக்கே சீவகனின் எட்டுக் கல்யாணம் பிடித்திருந்தது. அதைச் சொன்னதால் அவன் கிரீடம் ஓர் இம்மியும் சாயவில்லை. உங்களுக்கும் எனக்கும் சாய்வதற்குக் கிரீடமும் கிடையாது.